கைக்கு ஏற்ற இரும்புத் தாங்கி

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுப் புறப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் காலப்போக்கில் கொழும்பு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கினர். மண்வெட்டி பிடித்த கைகளுக்கு இங்கே கிடைத்த தொழில்களில் ஒன்று, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பதாகும்.

கொட்டாஞ்சேனையில் இத்தொழிலைச் செய்த தாயார் ஒருவருக்குக் கை உரலில் பிழிந்து பிழிந்து தோள் மூட்டு வீங்கிவிட்டது. கை நின்றால் அறை வாடகையும் நின்றுவிடும். ஆகவே, நெம்புகோல் பூட்டிய தாங்கி ஒன்றை ஒட்டுவேலைப் பட்டறையில் செய்வித்தார்.

துலாக் கண்ட எமக்கு நெம்புகோல் புதிதல்ல. தாங்கியின் பின்தூணில் ஒரு குழாய் ஆணியில் அசைகிறது. ஆணியிலிருந்து 6 அங்குலத்தில் உரல். 30 அங்குலத்தில் கைபிடி. தூரம் ஐந்து மடங்காதலால், கையில் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் உரலில் ஏறத்தாழ 50 கிலோ விழும். ஆனால் இதற்கு விலையும் உண்டு. உரல் 4 அங்குலம் இறங்க, கை 20 அங்குலம் இறங்க வேண்டும்.

முதல் நாளே குறைகள் தெரிந்தன. கைபிடி தோளுக்கு மேலே தொடங்கியது. கீழே அமர்த்த முதுகு வளைந்தது. கைபிடி முன்கால்களுக்கு வெளியே நீண்டிருந்ததால், அமர்த்தும்போது தாங்கி முன்னே சரிந்தது.

“தம்பி, இது உங்கட உயரத்துக்குச் செய்தது போல கிடக்கு” என்றார் தாயார்.

“நில்லுங்கோ அக்கா, உங்களை அளந்து மாத்துவம்” என்றார் பட்டறைக்காரர்.

கைபிடி நெஞ்சளவில் தொடங்கும்படி கால்கள் வெட்டிக் குறைக்கப்பட்டன. பின்தூணில் 2 அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் இடப்பட்டன. பாதி பிழிந்ததும் ஆணியைக் கீழ்த் துளைக்கு மாற்றினால், கை ஒவ்வொரு தடவையும் 10 அங்குலம் மட்டுமே இறங்கும். முன்கால்களிலிருந்து இரண்டு பட்டை இரும்புகளை நீட்டி, அவற்றின்மேல் தகடு ஒட்டப்பட்டது. தகட்டில் ஏறி நின்று பிழிந்தால், அவருடைய பாரமே தாங்கியைப் பிடித்துக்கொள்ளும்.

நீங்களும் இப்படி ஒன்று செய்விப்பதானால் கவனிக்க வேண்டியவை:

• வேலை செய்பவரே பட்டறைக்குப் போக வேண்டும். நெஞ்சு, முழங்கை உயரங்களை நின்ற நிலையில் அளக்க வேண்டும்.

• முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். மூலைக்கு மூலை அளந்து, பிழிந்து பார்த்து, சரியென்றால் முழுதாக ஒட்டலாம். புள்ளி ஒட்டைப் பிரிப்பது இலகு.

• கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் வையுங்கள். முக்கோணம் ஆடாது.

• நாகம் பூசிய குழாயானால் ஒட்டும் இடத்தில் பூச்சை அகற்ற வேண்டும். அதன் புகை காய்ச்சல் தரும்.

• மா படும் பாகங்கள் எவர்சில்வராக இருக்கட்டும். துருத்தடுப்புப் பூச்சு கால்களுக்கு மட்டுமே.

• ஒட்டும் ஒளியை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். பிள்ளைகளை விலக்கி நிறுத்துங்கள்.

2009க்குப் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட, திரும்பிப் போன குடும்பங்களும் உண்டு. நீரிறைக்கும் இயந்திரத்துக்குத் தாங்கி செய்தாலும், மிளகாய் அரைக்கும் இயந்திரத்துக்குச் செய்தாலும் முறை ஒன்றுதான். உடம்பை இரும்புக்கு வளைக்க வேண்டாம். இரும்பை வெட்டலாம், மீண்டும் ஒட்டலாம்; தோள் மூட்டை அப்படிச் செய்ய முடியாது.