தைரொட்சின் மாத்திரையும் நெஞ்சுப் படபடப்பும்

கழுத்தின் முன்புறத்தே அமைந்துள்ள தைரொயிட்டுச் சுரப்பி, உடல் தன் சக்தியைச் செலவிடும் வேகத்தை ஆளுகின்றது. அதன் சுரப்புக் குறையின் சோர்வும், குளிர் தாங்காமையும், மலச்சிக்கலும் தோன்றும். 1914ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் எட்வேட் கென்டல் அச்சுரப்பியிலிருந்து தைரொட்சினைப் பிரித்தெடுத்தார். அப்பொருளே இன்று செயற்கையாக ஆக்கப்பெற்று மாத்திரையாகக் கிடைக்கின்றது.

மாத்திரை தொடங்கிய சிலர், நெஞ்சு படபடக்கின்றது, கை நடுங்குகின்றது, உறக்கம் வருவதில்லை என்றஞ்சி அதனை நிறுத்திவிடுகின்றனர். தைரொட்சின் உடலுக்கு அந்நியமான பொருளன்று. இவ்வல்லல்கள் பெரும்பாலும் அளவு மிகுந்துவிட்டதன் அறிகுறிகளே. வேண்டுவது மருந்தை நிறுத்துதலன்று. வைத்தியரைக் கொண்டு அளவைத் திருத்துதலாகும்.

உட்கொண்ட தைரொட்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் செல்லும். ஆதலால் மருந்தை நிறுத்தியவர் முதலில் நலமாகவே உணரலாம். பழைய சோர்வு சில வாரங்களின் பின்னரே மெல்லத் திரும்பும். அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரங்கள் பொறுத்து இரத்தத்தைச் சோதிப்பதும் இதுபற்றியே.

மாத்திரையைக் காலையில் வெறுவயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே தேநீரும் உணவும் கொள்ளல் வேண்டும். இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அன்றேல் மருந்து உடலிற் சரிவரச் சேராது.

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். கருவுற்ற தாய்மார் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. தொடக்க மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைரொட்சினையே நம்பியுள்ளது.