வீக்எண்டுக்கு குன்னூர் போறீங்களா? இ-பாஸ் முதல் இரண்டாவது கியர் வரை... மலையேறும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

சனி, ஞாயிறு லீவு கிடைத்தாலே 'ஊட்டி போலாமா?' என்ற பேச்சு வீட்டில் ஆரம்பித்துவிடும். ஆனால், ஊட்டிக்குப் போகும் வழியிலேயே இருக்கிற குன்னூரை பலரும் டீ குடிக்க மட்டும் நிறுத்தும் ஊராகத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் இரண்டு நாள் டிரிப்புக்கு ஊட்டியை விட இந்தச் சின்ன ஊர்தான் பொருத்தம். சுமார் 1,800 மீட்டர் உயரம், ஊட்டி அளவுக்கு நடுக்காத குளிர், சுற்றிலும் தேயிலைத் தோட்டம். ஊட்டியையும் சேர்த்துப் பார்க்கணும்னு ஆசைப்பட்டால் பாதி நாள் டிராஃபிக்கிலேயே போய்விடும்.

கிளம்பும் முன் சில விஷயங்கள் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். முதலில் இ-பாஸ்.

இ-பாஸ் யாருக்கு வேண்டும்?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். குன்னூர் நீலகிரி மாவட்டத்தில் இருப்பதால் 'நாங்க ஊட்டிக்கே போகலையே' என்று சொல்லி தப்பிக்க முடியாது. பாஸ் ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கும். வண்டி நம்பர், எத்தனை பேர், எந்தத் தேதியில் வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும்.

2025 கோடை சீசனில் இன்னொரு கட்டுப்பாடும் வந்தது. நீலகிரிக்குள் வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், சனி, ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் மட்டுமே என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. அரசு பஸ், ரயில், உள்ளூர் வாகனங்கள் இந்தக் கணக்கில் வராது. அதாவது பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் தலைவலியே கிடையாது. சொந்தக் காரில் போகிறவர்கள் ரூம் புக் பண்ணும் அன்றே பாஸையும் எடுத்துவிடுவது நல்லது. ரூமுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு, கல்லாறு சோதனைச்சாவடியில் நின்று போனில் பாஸ் தேடுவது வீண் டென்ஷன்.

சாவடியில் பிளாஸ்டிக்கையும் பார்ப்பார்கள். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கும், 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை இருக்கிறது. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போங்க. வழியில் வாட்டர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

ரயிலா, ரோடா?

டிக்கெட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்கு கிளம்பும் நீலகிரி மலை ரயில், குன்னூருக்கு 28 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்கும் மேல் எடுத்து ஏறும். ஏன் இவ்வளவு மெதுவு? கல்லாறைத் தாண்டியதும் 12 அடி போனால் 1 அடி உயரும் அளவுக்கு ஏற்றம் செங்குத்தாகிறது. சாதாரண தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறும். இன்ஜின் முன்னால் இருந்து இழுக்காது. பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். குழந்தைகளோடு போகிறவர்கள் கல்லாறில் இதைக் காட்டிக் கொடுத்தால், மீதி வழி முழுக்க போன் கேட்க மாட்டார்கள்!

குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதைக்கு 2005-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரிய அங்கீகாரம் கிடைத்தது. பல் பட்டை குன்னூரோடு முடிந்துவிடும். அங்கிருந்து டீசல் இன்ஜின் மாட்டி வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டி போகும்.

சிக்கல் என்னன்னா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் ரயில் வழக்கமாக நாளுக்கு ஒன்றுதான். 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறக்கும், வார இறுதி டிக்கெட்டுகள் வேகமாகத் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் பஸ்ஸில் குன்னூர் வந்து, அங்கிருந்து ஊட்டி பக்கம் போகும் ரயிலில் ஒரு சின்ன ரைடு போகலாம். பல் சக்கரம் இருக்காது, ஆனா கேத்தி பள்ளத்தாக்கு காட்சி இருக்கும்.

இறங்கும்போதுதான் ஆபத்து

மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். 2023 செப்டம்பர் 30 அன்று, தென்காசி மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்தவர்களின் பஸ் ஊர் திரும்பும் வழியில், மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. 9 பேர் உயிரிழந்தார்கள். மலை ஏறும்போது எல்லோரும் உஷாராக இருப்பார்கள். டூர் முடிந்து, களைத்துப்போய் இறங்கும்போதுதான் கவனம் நழுவும்.

சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் செய்யும் தப்பு ஒன்றுதான். நான்காவது கியரிலோ, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலிலோ விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்குவது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் கட்டை சூடேறும். சூடு ஒரு அளவைத் தாண்டினால், எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு இருக்காது. வண்டியில் கருகும் வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. உடனே பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது.

'எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு' என்பது மலை டிரைவர்களின் பழைய கணக்கு. பெரும்பாலும் இரண்டாவது கியர். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'டி'-யிலேயே விட்டுவிடாமல், 'எல்' அல்லது மேனுவல் மோடுக்கு மாற்ற வேண்டும். இதை மலைக்கு வருவதற்கு முன்பே ஒரு தடவை பழகிப் பார்ப்பது புத்திசாலித்தனம். வளைவில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.

கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி போக்குவரத்தை மாற்றிவிடுவது வழக்கம். மேப் வேறு வழி காட்டினாலும் போலீஸ் சொல்வதைத்தான் கேட்கணும்.

எப்போ போகலாம்?

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமழை. 2009 நவம்பரில் மாவட்டத்தையே உலுக்கிய நிலச்சரிவுகளும் அந்த மழையில் நடந்தவைதான். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை தண்டவாளத்தில் பாறை விழுந்து மலை ரயில் ரத்தாவது அடிக்கடி வரும் செய்தி. அந்த நாட்களில் திட்டம் போட்டால், கேன்சல் செய்ய முடிகிற ரூமாகப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி நிம்மதியான மாதங்கள்.

என்ன பார்க்கலாம்?

ஊர் இரண்டு அடுக்கு. பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், மார்க்கெட் எல்லாம் கீழே. அமைதியான பகுதி மேல் குன்னூரில். 1874-ல் உருவான சிம்ஸ் பூங்கா மேலேதான் இருக்கிறது. மே மாதம் இங்கே பழக்கண்காட்சி நடக்கும். லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் இரண்டும் ஒரே ரோட்டில் வரும் காட்சிமுனைகள். காலையிலேயே போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் வெள்ளைத் துணி விரித்த மாதிரிதான், எதிரே தெரியும் கேத்தரின் அருவியும் கண்ணில் படாது.

தேயிலைத் தோட்டத்தில் போட்டோ எடுக்க இறங்குகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்கணும். குன்னூரைச் சுற்றி காட்டெருமைகள் தோட்டத்திலும், சில நேரம் தெருவிலுமே நடமாடும். மாடு மாதிரி சாதுவாகத்தான் மேயும். செல்ஃபிக்காகக் கிட்டே போனால் திரும்பிப் பாயும். கரடி நடமாட்டமும் உண்டு. இருட்டிய பிறகு தோட்டப் பாதையில் நடக்க வேண்டாம்.

வாங்கி வர வேண்டியது டீயும் வர்க்கியும். ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு கிலோவுக்கும் மேல் பச்சைத் தேயிலை பறிக்க வேண்டும். பால் ஊற்றிக் கடுப்பமாகக் குடிப்பவர்களுக்கு குருணை மாதிரி இருக்கும் சி.டி.சி. தூள், பால் இல்லாமல் மணத்துக்காகக் குடிப்பவர்களுக்கு சுருட்டிய இலையாக வரும் ஆர்த்தோடாக்ஸ். கடைக்காரரிடம் எப்படிக் குடிப்பீர்கள் என்று சொன்னாலே சரியானதைத் தருவார். வர்க்கிக்கு 'ஊட்டி வர்க்கி' என்ற பெயரில் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கும்போதே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுன்னு உடைந்தால் வாங்கலாம். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் சில நாள் தாங்கும்.

ஞாயிறு மாலை எல்லோரும் ஒரே நேரத்தில்தான் இறங்குவார்கள். மதிய சாப்பாட்டை மேட்டுப்பாளையத்தில் வைத்துக்கொள்ளும்படி காலையிலேயே கிளம்பிவிட்டால், கொண்டை ஊசி வளைவுகளை பகல் வெளிச்சத்தில், கூட்டம் சேரும் முன் தாண்டிவிடலாம்.