லாரி மீட்டர் கடலுக்குப் போனால்

விசைப்படகில் ஆயில் பிரஷர் மீட்டர் உப்பேறி நின்றுவிட்டால், கடையில் உடனே கிடைப்பது லாரி மீட்டர்தான். விலையும் குறைவு. லாரிக்கு எஞ்சின் செய்யும் அசோக் லேலண்டே படகுக்கும் செய்வதால், மீட்டரும் பொருந்திவிடும் என்று தோன்றும். பலகையில் உள்ள துளைக்குப் பொருந்தவும் செய்யும். 52 மில்லிமீட்டர் என்பது இரண்டு பக்கமும் புழங்கும் அளவு. பார்க்கவேண்டியது மின்தடையை.

மீட்டர் தானாக எதையும் அளப்பதில்லை. எஞ்சினில் திருகியிருக்கும் சென்சாரின் மின்தடை மாற மாற முள் நகர்கிறது. பரவலான அமெரிக்க முறையில் ஆயில் அழுத்தம் பூஜ்யமானால் 240 ஓம், உச்சத்தில் 33. ஐரோப்பிய முறை இதற்கு நேர் எதிர்: பூஜ்யத்தில் 10, உச்சத்தில் சுமார் 180. அமெரிக்க சென்சாரோடு ஐரோப்பிய மீட்டரைச் சேர்த்தால், ஆயில் அழுத்தம் அடியோடு விழுந்த நேரத்தில் முள் உச்சியில் போய் நிற்கும். பேரிங் தேய்ந்துகொண்டிருக்க, ஓட்டுபவர் நிம்மதியாக இருப்பார். நின்றுபோன மீட்டர் இவ்வளவு கெடுதல் செய்யாது. ஆகவே மீட்டரையும் சென்சாரையும் ஜோடியாக மாற்றுவதே நல்லது. பழைய சென்சாரையே வைத்துக்கொள்வதானால், எஞ்சின் நிற்கும்போது அதன் கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஆர்.பி.எம். மீட்டரில் சிக்கல் வேறு. பெட்ரோல் காரின் மீட்டர் இக்னிஷன் காயிலின் துடிப்பை எண்ணுகிறது. டீசலில் அந்தக் காயிலே கிடையாது. ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து துடிப்பை எடுத்து, புல்லி விகிதத்துக்கு ஏற்ப அமைக்கக்கூடிய மீட்டர் வேண்டும்.

வெப்ப மீட்டரைப் படிக்கும் பழக்கமும் மாறவேண்டும். காரில் முள் 90 டிகிரி அருகே நிற்பது இயல்பு. கடல்நீரையே நேராக உள்ளே ஓட்டிக் குளிர்விக்கும் எஞ்சின்களின் வெப்பத்தைச் சுமார் 60, 70 டிகிரியிலேயே நிறுத்துகிறார்கள். அதற்கு மேல் சூடேறினால் குழாய்க்குள் உப்பு படியும். காரில் நலம் என்று காட்டும் இடம் இங்கே எச்சரிக்கை.

வண்டியில் இரும்பு பாடியே எர்த். மரப்படகிலும் ஃபைபர் படகிலும் அது கிடையாது. மீட்டருக்கு நெகட்டிவ் கம்பியைத் தனியாக இழுக்கவேண்டும். அந்தக் கம்பி வெள்ளீயம் பூசிய செம்பாக இருந்தால் உப்புக்காற்றைத் தாங்கும். கார் மீட்டரின் கண்ணாடி காற்றுப்புகாமல் அடைக்கப்பட்டிருக்காது. தண்ணீர் தெறிக்கும் இடத்தை விட்டு, அதை வீல்ஹவுசுக்குள் பொருத்துங்கள்.