மேளம் நிலைத்தது, பாட்டு?

மெர்சிங் என்றதும் தியோமான் தீவுக்குப் படகேறும் துறைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த ஊர்க் கோயில் திருவிழாவில், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிறார் என்று வானொலி நேயர் ஒருவர் சொன்னார். பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதைவிட வேறு அழைப்பு வேண்டுமா? கிளம்பிவிட்டேன்.

அவர் இளமையில் பால் மரம் வெட்டியவர். “பேரெல்லாம் பேப்பர்ல போடாத கண்ணு” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், இங்கே அவர் பாட்டிதான்.

மேடையில் ஒரு டோலக், இரண்டு உறுமி, ஒரு ஜால்ரா. கீபோர்டு இல்லை. பாட்டி மைக்கைப் பிடித்ததும் பாடவில்லை. “எந்தெந்த ஊருல இருந்து வந்திருக்கீங்க?” என்று கேட்டார். எண்டாவ், ஜெமாலுவாங், குளுவாங் என்று குரல்கள் வந்தன. பத்து நிமிடத்தில் அந்த ஊர்ப் பெயர்களெல்லாம் தெம்மாங்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஜெமாலுவாங் பெயர் வந்தபோது பின்வரிசையில் எழுந்த கைத்தட்டலைக் கேட்டிருக்க வேண்டும்!

வானொலியில் ஒரு பாட்டுக்கு நாலைந்து நிமிடம்தான். அன்று ஒரு கும்மிப் பாட்டே இருபது நிமிடம் போனது. நீட்டியது பாட்டி மட்டுமல்ல, கூட்டமும்தான். பெண்களின் பின்பாட்டு மெலிந்தால் அதே அடியை மறுபடி எடுத்தார். குரல் ஏறியதும் அடுத்த அடிக்குத் தாவினார். நாட்டுப்பாட்டு ஒருவர் பாடி மற்றவர் கேட்பது அல்ல. ஒருவர் எடுக்க, மற்றவர்கள் தொடுப்பது. பதிவில் இந்தப் பாதி விழுவதில்லை.

தமிழகத்தின் பெரிய பாடகிகளும் இந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்தான். கொல்லங்குடி கருப்பாயி பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தவர் அல்லர். வானொலியில் பாடிக்கொண்டிருந்தவரை 1985-இல் பாண்டியராஜன் ‘ஆண்பாவம்’ படத்தில் நடிக்க வைத்தார். 2025 ஜூனில், 99 வயதில் அவர் மறைந்தார். பரவை முனியம்மாவைப் பெரும்பாலோர் அறிந்தது 2003-இல் வந்த ‘தூள்’ படத்தில்தான். அதற்கு முன்பே அவர் மேடைப் பாடகி. மதுரையின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைத் திரட்டினார், மேடையில் பாடினார், பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பாட்டுகளைப் பாடியும் சொல்லியும் கொடுத்தவர்கள் நம் பாட்டியைப் போன்றவர்களே.

நடுவில் ஓர் இளைஞர், “பாட்டி, ஒப்பாரி ஒண்ணு பாடுங்க” என்றார். பாட்டி சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். “சாமி வாசல்ல அத பாடுவாங்களாய்யா? தாலாட்டு கேளு, விடிய விடிய பாடுறேன்.”

அந்த மறுப்பிலும் ஒரு பாடம் இருந்தது. தாலாட்டுக்குத் தொட்டில் வேண்டும், கும்மிக்கு வட்டம் வேண்டும், ஒப்பாரிக்கு இழவு வீடு வேண்டும். இடம் போனால் பாட்டும் போகும். நம் குடும்பங்களில் நடந்தது அதுதான். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் தாலாட்டு எழுந்தால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தபின், பாட்டை எடுக்க ஆள் இருந்தாலும் தொடுக்க ஆள் இல்லை.

அன்று உறுமி அடித்தவர்கள் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள். என்ன அடி கேட்டாலும் கையில் வந்தது. நம் நாட்டில் உறுமி மேளத்துக்கு வாரிசு உண்டு. தைப்பூசத்துக்குப் போனவர்களுக்கு அது தெரியும். ஆனால் பாட்டி திரும்பி, “நீங்களும் எடுங்கய்யா” என்றபோது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்பாட்டுச் சொன்னதெல்லாம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள். மேளம் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்துவிட்டது, சொல் இன்னும் வாய்க்கு வரவில்லை.

அதற்குப் பெரிய விழா எடுக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த பாட்டி, அத்தை, பெரியம்மா இருந்தால் கைப்பேசியே போதும். என் தொழில் தந்த சில யோசனைகள்: மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். கைப்பேசியை மேசையில் கிடத்தாமல், அவர் வாய்க்கு ஒரு முழ தூரத்தில் பிடியுங்கள். எந்தத் தோட்டத்தில், யாரிடம் கற்றார், எப்போது பாடுவார்கள் என்பதை அவர் குரலிலேயே முதலில் பதியுங்கள். அடி மறந்து நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். இன்னொரு வயதானவர் பக்கத்தில் இருந்தால் அவரே எடுத்துக் கொடுப்பார். ஒப்பாரி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

பதிவு செய்து முடித்ததும் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறந்துவிட வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பின்பாட்டு ஒன்றையாவது பழக்குங்கள். அடுத்த திருவிழாவில் யாராவது ஒரு பாட்டி மைக்கைப் பிடித்து “எடுங்கய்யா” என்று சொல்லும்போது, நாலு இளம் குரல்களாவது எழ வேண்டும்.