கரிமக் குறைகடத்திப் படலங்களை வடிவப்படுத்தல்

கரிமக் குறைகடத்திப் படலங்களை வடிவப்படுத்தல் என்பது, பெரும்பரப்பு மின்னணுச் சுற்றுகளில் குறைகடத்திப் படலம் தேவையான இடங்களில் மட்டும் இருக்குமாறும் மற்ற இடங்களில் இல்லாதவாறும் செய்யும் தொழில்நுட்பம் ஆகும். வளையும் திரைகள், உணரிகள் போன்றவற்றுக்கான சுற்றுகளை நெகிழித் தாளின் மீது உருவாக்க இது உதவுகிறது.

பின்னணி

கரிமக் குறைகடத்திகள் கார்பன் சேர்மங்கள் ஆகும். ஐந்து பென்சீன் வளையங்கள் வரிசையாக இணைந்த பென்டசீன் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. நெகிழி தாங்கக்கூடிய குறைந்த வெப்பநிலையிலேயே இவற்றைப் படியவைக்கலாம். மின்கடத்தும் பலபடிகளைக் கண்டறிந்து வளர்த்தமைக்காக ஆலன் ஈகர், ஆலன் மெக்டயார்மிட், இதேக்கி சிராக்காவா ஆகியோர் 2000 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

தேவை

திரையின் ஒவ்வொரு படவணுவையும் குறைந்தது ஒரு திரிதடையம் இயக்குகிறது. படலம் இடைவெளியின்றிப் பரவியிருந்தால், ஒரு திரிதடையத்தின் மின்னோட்டம் அடுத்ததற்குக் கசியும். வரப்பில்லாத வயலில் ஒரு பாத்திக்கு விட்ட நீர் அடுத்த பாத்திக்கும் பாய்வதைப் போன்றது இது. இதனால் அணைந்த நிலையிலும் மின்னோட்டம் முற்றிலும் நிற்பதில்லை. படவணுவில் தேக்கிய மின்னூட்டமும் குறைந்துவிடும்.

சிக்கல்

சிலிக்கன் சுற்றுகள் ஒளிக்கல்லச்சு முறையில் வடிவம் பெறுகின்றன. ஒளியுணர் பூச்சைத் தடவி, மறைப்பின் வழியே ஒளி பாய்ச்சி, கரைசலால் கழுவி, வெளித்தெரியும் பகுதியை அரிப்பார்கள். இறுதியில் எஞ்சிய பூச்சை அசிட்டோன் போன்ற கரைப்பான் கொண்டு நீக்குவார்கள். பல கரிமப் படலங்கள் இத்தகைய கரைப்பான்களில் தாமே கரைந்துவிடும். எளிதில் கரையாத பென்டசீனிலும், கரைப்பான் பட்டால் மூலக்கூறுகளின் படிக அடுக்கு மாறி மின்னூட்டங்களின் நகர்திறன் குறைகிறது. எனவே படலத்தைக் கெடுக்காத நீர்மத்தைத் தேர்வதே இத்துறையின் மையக் கேள்வி.

முறைகள்

நிழல் மறைப்பு: துளைகளிட்ட உலோகத் தகட்டின் வழியே பொருளை ஆவியாக்கிப் படியவைத்தல். கோல அச்சில் மாவு தூவுவதைப் போன்றது. நீர்மம் தேவையில்லை. ஆனால் பெரிய தகடு தன் எடையால் தொய்யும்.

நீரில் கரையும் பூச்சு: பாலிவினைல் ஆல்ககாலுடன் அம்மோனியம் டைகுரோமேட்டு சேர்த்தால் ஒளி பட்ட பகுதி நீரில் கரையாததாகிறது. மற்றப் பகுதியை நீரால் கழுவிவிட்டு, அங்கே வெளித்தெரியும் பென்டசீனை ஆக்சிசன் பிளாசுமாவால் அரிக்கலாம். எஞ்சிய பூச்சு படலத்தின் மேலேயே தங்கிவிடுகிறது.

புளோரினேற்றிய கரைப்பான்: எண்ணெயும் நீரும் கலவாததுபோல், இவை பெரும்பாலான கரிமப் படலங்களைக் கரைப்பதில்லை. இவற்றுக்கேற்ற ஒளியுணர் பூச்சுகளைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் இறுதியில் உருவாக்கினர்.

மைத்தாரை அச்சு: படலத்தை அரிக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் துளியிடுதல். துளி பரவாதிருக்க நீர்விலக்கும் வரம்புகள் அமைக்கப்படும். 2000 ஆம் ஆண்டு கேம்பிரிட்ச்சு பல்கலைக்கழகத்தின் என்னிங் சிரிங்கவுசு குழு, பாலிஇமைடு வரம்பின் இருபுறமும் மின்வாய்களை அச்சிட்டு 5 மைக்ரோமீட்டர் நீள வாய்க்கால் கொண்ட திரிதடையங்களை உருவாக்கியது.

வரம்புகள்

நெகிழித் தாள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நீளும், சுருங்கும். 30 செ.மீ. நீளத் தாள் 0.01 விழுக்காடு நீண்டாலே, ஓரத்தில் 30 மைக்ரோமீட்டர் விலகல் ஏற்படும். இது மேற்கூறிய வாய்க்கால் நீளத்தைப்போல் 6 மடங்கு. ஆகையால் நுண்ணிய கோடு வரைய முடிவது மட்டும் போதாது. ஓர் அடுக்கின் வடிவம் அதன் கீழ் அடுக்கின் வடிவத்தோடு தாள் முழுவதும் பொருந்தவும் வேண்டும்.