இயங்குதள மேம்படுத்தலுக்குப் பின் கணினி மெதுவாகத் தொடங்குதலும் தமிழ் எழுத்துருச் சிக்கல்களும்

கணினியின் இயங்குதளத்தை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாற்றுவது மேம்படுத்தல் எனப்படும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. இதனால் பழைய கணினி வைத்திருந்த பலர் விரும்பியோ விரும்பாமலோ மேம்படுத்த வேண்டியதாயிற்று. மேம்படுத்திய பின் தமிழ்ப் பயனர்களிடம் வழக்கமாக எழும் முறையீடுகள் இரண்டு. ஒன்று, கணினி திறக்க நெடுநேரம் ஆகிறது. மற்றொன்று, பழைய தமிழ்க் கோப்புகள் படிக்க முடியாதபடி மாறிவிட்டன.

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரம் போன்ற ஊர்களில் ஒரே கணினியில் பிள்ளைகளின் பாடக் குறிப்பும், கோயில் கொடை வரவு செலவும், திருமண அழைப்பிதழும் சேர்ந்தே இருப்பது உண்டு. பழுது பார்க்கக் கொண்டுபோனால் "ஃபார்மட் போட்டுவிடலாம்" என்ற யோசனைதான் பெரும்பாலும் முதலில் வரும். அப்படிச் செய்தால் கணினி வேகமாகத் திறக்கலாம். ஆனால் பழைய எழுத்துருக்கள் போய்விடும்; அவற்றை நம்பியிருந்த கோப்புகளைப் படிக்கும் வழியும் அடைபடும். இரண்டு சிக்கல்களையும் ஃபார்மட் செய்யாமலே தீர்க்கலாம். எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் முக்கியம்.

முதலில் செய்ய வேண்டியது

எதையும் அழிக்கும் முன் உங்கள் கோப்புகளை ஒரு பென்டிரைவிலோ வெளி வன்தட்டிலோ படியெடுத்து வையுங்கள். அடுத்து 'சி' டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். மேம்படுத்தும்போது பழைய இயங்குதளம் இதற்குள்தான் ஒதுக்கி வைக்கப்படுகிறது. இதனுள் 'விண்டோஸ்', அதனுள் 'ஃபாண்ட்ஸ்' எனச் சென்றால் முன்பு நீங்கள் பயன்படுத்திய எழுத்துருக்கள் கிடைக்கலாம். அவற்றையும் படியெடுங்கள்.

இந்தக் கோப்புறை வன்தட்டில் பல ஜி.பி. இடத்தை அடைப்பதால், வேகத்தைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் அழிக்கிறார்கள். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் அத்துடன் போய்விடுகிறது. நீங்கள் அழிக்காவிட்டாலும் வழக்கமாக 10 நாட்களில் விண்டோஸே இதை நீக்கிவிடும். எனவே எழுத்துருவை மீட்பது முதல் வேலை, வேகத்தைக் கூட்டுவது இரண்டாவது வேலை.

தொடக்கம் ஏன் மெதுவாகிறது

மின்பொத்தானை அழுத்தியதும் கணினி தன் வன்பொருளைச் சோதிக்கிறது. பிறகு இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. அடுத்து இயக்கிகளும் பின்னணிச் சேவைகளும் தொடங்குகின்றன. கடவுச்சொல் கொடுத்த பின், தானாகத் தொடங்கும் செயலிகள் வரிசையாகத் திறக்கின்றன. எந்தக் கட்டத்தில் தாமதம் என்று கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

மேம்படுத்திய முதல் ஓரிரு நாட்கள் தாமதமாவது இயல்பு. தேடல் அட்டவணை புதிதாக உருவாகும். மீதமுள்ள புதுப்பித்தல்கள் பின்னணியில் இறங்கும். மின்இணைப்பில் வைத்துச் சில மணி நேரம் கணினியை விட்டுவிடுங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. தானியங்கும் செயலிகள்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் ஒவ்வொரு செயலியும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்ற குறிப்பு இருக்கும். 'ஹை' என்று குறித்தவற்றில் தேவையற்றதை முடக்குங்கள். வைரஸ் தடுப்பை முடக்க வேண்டாம். பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டு மூன்று ஒன்றாகத் தொடங்குவதும் உண்டு. ஒன்று போதும்.

2. வன்தட்டு: டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' என்பது திறந்து நெடுநேரம் ஆகியும் 100 விழுக்காட்டை ஒட்டியே நின்றால், வன்தட்டு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்களுக்குக் கிடைத்தவை போன்ற அக்கால மடிக்கணினிகளில் சுழலும் வன்தட்டுதான் இருந்தது. புதிய இயங்குதளத்தின் வேகத்துக்கு அது போதாது. அதே 2.5 அங்குல அளவில் கிடைக்கும் எஸ்.எஸ்.டி.யை அதன் இடத்தில் பொருத்தினால் தொடக்க நேரம் வெகுவாகக் குறையும். செலவு செய்வதானால் முதலில் இதற்குச் செய்யுங்கள்.

3. விரைவுத் தொடக்கம்: விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும்போது, 'ஷட் டவுன்' கொடுத்தாலும் இயங்குதளத்தின் கரு முழுதாக மூடப்படுவதில்லை; அதன் நிலை வன்தட்டில் சேமிக்கப்படுகிறது. மேம்படுத்தலுக்குப் பின் பழைய இயக்கி ஒன்று இதனோடு ஒத்துப்போகாவிட்டால் தடுமாற்றம் வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் மட்டும் சரியாகத் திறக்கிறது என்றால் இந்த வசதியை நிறுத்திப் பாருங்கள்.

4. எழுத்துருக் குவியல்: அச்சு வேலைக்காகக் குறுந்தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான எழுத்துருக்களை நிறுவியிருப்பவர்கள் உண்டு. எழுத்துருக்களின் பட்டியலை விண்டோஸ் ஒரு தற்காலிகக் கோப்பில் வைத்திருக்கிறது. அது பழுதானால் கணினி மெதுவாவதோடு எழுத்துகளும் கட்டங்களாகத் தெரியலாம். 'சர்வீசஸ்' பட்டியலில் 'விண்டோஸ் ஃபாண்ட் கேச் சர்வீஸ்' என்பதை நிறுத்தி, அதன் தற்காலிகக் கோப்புகளை நீக்கி, மறுதொடக்கம் செய்தால் பட்டியல் புதிதாக உருவாகும்.

எழுத்து எப்படிக் கெட்டிருக்கிறது?

எல்லா எழுத்துச் சிக்கலுக்கும் ஒரே மருந்து இல்லை. திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தைப் பிரிக்க வேண்டும்.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால், அந்த எழுத்தை வரையும் எழுத்துரு கணினியில் இல்லை, அல்லது மேலே சொன்ன தற்காலிகக் கோப்பு பழுதாகியிருக்கிறது.

தமிழ் சரியாகத் தெரிந்து, வரிகளும் பக்கங்களும் மட்டும் இடம் மாறியிருந்தால் வேறு எழுத்துரு பதிலாக வந்திருக்கிறது. விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துரு தமிழுக்கு வழங்கப்பட்டது. விண்டோஸ் 8 முதல் அந்த இடத்துக்கு நிர்மலா யூஐ வந்தது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தனித் தொகுப்பாகிவிட்டன. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழுக்கான 'சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்' தொகுப்பைச் சேர்த்தால் அவை திரும்பக் கிடைக்கும்.

கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நின்றால், அல்லது புள்ளி வட்டம் தெரிந்தால், எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். பழைய வடிவமைப்பு மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. இன்டிசைன் போன்றவற்றில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரிந்தால் அது பழைய குறியேற்றக் கோப்பு. பலரைப் பதற வைப்பது இதுதான்.

பழைய கோப்பில் இருப்பது என்ன?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி எழுத்துரு இருக்கும் வரை அவை தமிழாகத் தெரியும். மேம்படுத்தலில் அது விடுபட்டால் அடியில் இருந்த ஆங்கிலம் வெளியே தெரிகிறது. எழுத்து அழியவில்லை, அதன்மேல் இருந்த தமிழ் வடிவம் மட்டும் நீங்கியிருக்கிறது.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கப் பல முயற்சிகள் நடந்தன. தமிழ் ஆர்வலர்கள் இணையவழி கூடி டிஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுதும் ஒரே எண் என்ற ஒருங்குறி முறையை, டேஸ்16 குறியேற்றத்துடன் சேர்த்து, 2010 சூன் 23 அன்று தமிழ்நாடு அரசு ஆணை மூலம் ஏற்றது. அதற்கு முன் தட்டச்சான கோப்புகள் பலவும் பழைய குறியேற்றங்களிலேயே இருக்கின்றன.

பழைய கோப்பை மீட்கும் முறை

வேர்டில் அந்த வரியின் மேல் சுட்டியை வைத்தால், எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே உள்ள பெட்டியில் தெரியும். அந்தப் பெயரே நோயின் பெயர். படியெடுத்து வைத்த எழுத்துருவை மீண்டும் நிறுவினால் கோப்பு உடனே தமிழாகத் தெரியும்.

ஆனால் அடுத்த மேம்படுத்தலிலும் இதே தொல்லை வரும். ஆகவே முக்கியமான கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் முதலிய மாற்றிகள் உள்ளன. மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, சரியான மூலக் குறியேற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். பாமினிக் கோப்பை டிஸ்கி என்று சொல்லி மாற்றினால் புதிய குழப்பமே கிடைக்கும். இரண்டாவது, இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களைத் தவிர்த்துத் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலமும் பொருளற்ற தமிழாகிவிடும். மூன்றாவது, கொம்பு வரும் எழுத்துகளைச் சரிபாருங்கள். 'கொ' என்பதைப் பழைய முறையில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டினார்கள். ஒருங்குறியில் க முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வரும். மாற்றி தவறினால் பெரும்பாலும் இங்கேதான் தவறும்.

ஓர் எச்சரிக்கை: பழைய டிஸ்கி உரைக்கோப்பைத் திறந்ததும் கேள்விக்குறி அடங்கிய கருப்புச் சாய்சதுரங்கள் தெரிந்தால் சேமிக்காமல் மூடிவிடுங்கள். திறப்பதால் கேடில்லை. அந்த நிலையில் சேமித்தால் உள்ளே இருக்கும் மூல எண்கள் அழிந்து, பின்னர் எந்த மாற்றியாலும் மீட்க முடியாமல் போகும்.

லினக்ஸ் பயனர்களுக்கு

உபுண்டு போன்றவற்றில் சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையை 'பிளேம்' என்ற சொல்லோடு கொடுத்தால், எந்தச் சேவை தொடக்கத்தில் எத்தனை நொடி எடுத்தது என்ற பட்டியல் வரும். தமிழ் கட்டங்களாகத் தெரிந்தால் லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவி, எஃப்சி-கேச் கட்டளையால் எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கலாம்.

மேம்படுத்தும் முன்

இன்னும் மேம்படுத்தாதவர்கள் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் போதும். ஃபாண்ட்ஸ் கோப்புறையில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும் எல்லாக் கோப்புகளையும் வெளியே படியெடுங்கள். முக்கியமானவற்றை எழுத்துருவை உட்பொதித்து பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள். பின்னாளில் எழுத்து மாறித் தெரிந்தால், சரியான வடிவம் எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பி.டி.எஃப். கையில் இருக்கும்.