பைண்ட் கேட்டா எவ்வளவு பீர் வரணும்? பெங்களூரு பப்புக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது

இந்திராநகரிலோ கோரமங்களாவிலோ ஒரு பப்பில் உட்கார்ந்து "ஒரு பைண்ட்" என்று சொல்கிறீர்கள். வருவது 330 மி.லி. பக்கத்து தெரு பப்பில் அதே வார்த்தைக்கு 500 மி.லி. வரலாம். இதில் எது சரியான பைண்ட்? உண்மையில் ரெண்டுமே இல்லை.

பைண்ட் என்பது பிரிட்டிஷ் அளவு. அங்கே அது 568 மி.லி. அமெரிக்க பைண்ட் 473 மி.லி. நம்ம ஊரில் 650 மி.லி. பெரிய பாட்டிலுக்கு அடுத்து வரும் 330 மி.லி. சின்ன பாட்டிலுக்கு 'பைண்ட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழக்கம்தான் டிராஃப்ட் பீர் கிளாஸுக்கும் வந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்லுது?

2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, விலைப்பட்டியலில் அளவைக் குறிப்பிட்டால் அது மெட்ரிக் அலகில்தான் இருக்க வேண்டும். பைண்ட் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அதனால் "568 மி.லி. தரலையே" என்று சண்டை போட முடியாது. ஆனால் மெனுவில் 500 மி.லி. என்று போட்டுவிட்டுக் குறைத்து ஊற்றினால், அது அளவில் குறைத்து விற்பது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மெனுவில் மி.லி. போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் "இந்த கிளாஸ் எத்தனை எம்.எல்.?" என்று கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம். கிளாஸில் அளவுக்கோடு இருந்தால் நல்ல அடையாளம். ஜெர்மனியில் அந்தக் கோடு கட்டாயம். நுரை கோட்டுக்கு மேலே நிற்கும், பீர் கோடு வரை இருக்கும், தகராறே வராது.

கோடு இல்லாத கிளாஸில்தான் சிக்கல். பைண்ட் கிளாஸ்கள் பெரும்பாலும் மேலே போகப் போக அகலமாகும். வாய் 9 செ.மீ. அகலம் இருந்தால், மேலே ஒரு செ.மீ. குறைந்தாலே சுமார் 60 மி.லி. போச்சு. பார்க்க ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அளவில் ஒரு லார்ஜ்! நுரையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கோதுமை பீருக்கு நல்ல நுரை அழகுதான். அதற்கு இடம் விடுகிற மாதிரி கிளாஸ் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலையை 100 மி.லி.க்கு மாற்றிப் பார்த்தால் கதை தெளிவாகும். 330 மி.லி. ரூ.300, 500 மி.லி. ரூ.400 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 100 மி.லி.க்கு சுமார் ரூ.91, இரண்டாவது ரூ.80. 'மலிவான' கிளாஸ்தான் இங்கே விலை அதிகம்.

"ஒரே ஒரு பைண்ட்தான்" என்று வண்டி எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு விதத்திலும் முக்கியம். 5% பீர் 330 மி.லி.யில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கும்; 568 மி.லி.யில் சுமார் 22 கிராம். வாகன ஓட்டிகளுக்கான வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. முழு பைண்ட் ஒன்றே பலருக்கு அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். அப்போ வண்டியை வீட்டிலேயே விட்டுட்டு ஆட்டோவில் போயிடுங்க.